புகை அலாரம் சும்மா கத்துகிறதா, கத்த வேண்டிய நேரத்தில் கத்தவில்லையா? மதுரை வீடுகளுக்கு ஒரு சரிபார்ப்பு

புகை அலாரம் தொல்லை தருகிறது என்று கூப்பிடுகிற வீடுகளில் போய்ப் பார்த்தால், கருவி கெட்டுப்போயிருப்பது அபூர்வம். மாட்டிய இடம்தான் பெரும்பாலும் தப்பாக இருக்கும். பெட்டிக்குள் வரும் கையேடு சீலிங்கின் நடுவில் மாட்டச் சொல்கிறது. நம் வீட்டில் சீலிங்கின் நடுவில் ஃபேன் தொங்குகிறது. அதற்கு மேலே பகல் முழுக்க வெயிலில் காய்ந்த மொட்டை மாடித் தளம். ஹாலுக்கும் அடுப்படிக்கும் இடையே பல வீடுகளில் கதவே கிடையாது. கையேட்டை எழுதியவர் மனதில் இருந்த வீடு வேறு, வில்லாபுரத்திலும் திருநகரிலும் நாம் குடியிருக்கிற வீடு வேறு. அதனால் இடத்தை நாம்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கீழே ஒவ்வொரு தொல்லையாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். எந்தத் தொல்லையாக இருந்தாலும் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் இருக்கும் ஆளைப் புகை வாசனை எழுப்பும் என்று நம்ப முடியாது. சத்தம்தான் எழுப்பும்.

முதலில், அது எப்படிப் புகையைக் கண்டுபிடிக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லைக்கு நீங்களே காரணம் சொல்லிவிடுவீர்கள். இப்போது வீட்டுக்கென்று விற்பவற்றில் அதிகம் கிடைப்பது ஒளி வகை, அதாவது ஃபோட்டோ எலெக்ட்ரிக். உள்ளே கறுப்பாக ஒரு சின்ன இருட்டறை இருக்கும். ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளி விடும் எல்.இ.டி., இன்னொரு பக்கம் ஒளியை உணரும் சென்சார். ஒளி நேராகச் சென்சாரில் படாதபடி இரண்டையும் கோணலாக வைத்திருப்பார்கள். புகை உள்ளே நுழைந்தால் ஒளி அந்தத் துகள்களில் பட்டுச் சிதறி சென்சாரை எட்டும். அலாரம் அடிக்கும்.

இன்னொன்று அயனி வகை. அதில் அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயை இந்த வகை சற்று முந்திக் கண்டுபிடிக்கும். மெத்தை, சோபா, வயரின் மேலுறை என்று கனன்று கனன்று புகைவதை ஒளி வகை முந்திக் கண்டுபிடிக்கும். சமையல் புகைக்கு அயனி வகை வீணாக அதிகம் கத்தும் என்பதால், நம் வீடுகளுக்கு ஒளி வகையே போதும் என்பது என் முடிவு.

ஆனால் அந்த இருட்டறைக்குள் போவது புகையா, குளியல் நீராவியா, பஞ்சா, ஒரு சின்னப் பூச்சியா என்று கருவிக்குத் தெரியாது. ஒளியைச் சிதறடிக்கிற எதுவும் அதற்குப் புகைதான்.

தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது

அடுப்பிலிருந்து அலாரம் வரை டேப் வைத்து அளங்கள். அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 72 குறைந்தது 10 அடி தள்ளி வைக்கச் சொல்கிறது. காய்ந்த மிளகாயும் மல்லியும் வறுத்துக் கறிக்குழம்பு வைக்கிற அடுப்படிக்குப் பத்தடி பத்தாது. முடிந்தால் 20 அடி தள்ளுங்கள். பத்துக்கும் இருபதுக்கும் நடுவில்தான் இடம் கிடைக்கிறது என்றால், ஒளி வகையாகவும் தற்காலிகமாகச் சத்தத்தை அடக்கும் பட்டன் உள்ளதாகவும் வாங்குங்கள். அந்தப் பட்டனை அழுத்தினால் பத்து நிமிடம்போல் அமைதியாக இருந்துவிட்டு, தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

தூரம் சரியாக இருந்தும் கத்தினால் ஹால் ஃபேனைப் பாருங்கள். அடுப்படி எக்ஸாஸ்ட் ஓடாதபோது தாளிப்புப் புகை வாசல் வழியாக ஹாலுக்குத்தான் வரும், ஹால் ஃபேன் அதை வீடு முழுக்கப் பரப்பும். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்டைப் போட்டுவிடும் பழக்கம் ஒன்றே பல வீடுகளில் இந்தத் தொல்லையை நிறுத்திவிடுகிறது. அப்புறமும் நிற்காவிட்டால் அலாரத்தைப் படுக்கையறைப் பக்கமாக நகர்த்துங்கள். படுக்கிற ஆட்களுக்கும் அடுப்படிக்கும் நடுவில் அது இருந்தால் போதும்.

அடுப்படிக்குள்ளேயே ஒன்று வேண்டும் என்றால் அங்கே புகை அலாரம் வேண்டாம். வெப்ப அலாரம் வாங்கி மாட்டுங்கள். குறிப்பிட்ட சூட்டில், பெரும்பாலும் 57 டிகிரி அருகில், அடிக்கிற மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். சூடு வேகமாக ஏறினாலே அடிக்கிற மாதிரியும் உண்டு. தகரக் கூரை போட்ட அடுப்படிக்கு அது ஒத்துவராது.

குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் கத்துகிறது

நீராவிதான். கீசர் வைத்த குளியலறைக் கதவிலிருந்து குறைந்தது 3 அடி தள்ள வேண்டும். படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை என்றால் எதிர்ச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய்விடுங்கள்.

செவ்வாய், வெள்ளி சாம்பிராணி போட்டால் கத்துகிறது

இது தவறான அலாரமே கிடையாது. சாம்பிராணிப் புகை நிஜப் புகை, கருவி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. பூஜை அலமாரிக்கு நேர் மேலே மாட்டியிருந்தால் மட்டும் இடத்தை மாற்றுங்கள். மற்றபடி, அடக்கும் பட்டனை அழுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துப் புகை போடுங்கள். கொசுவர்த்திச் சுருளுக்கும், தீபாவளி ராத்திரி தெருவிலிருந்து உள்ளே வரும் வெடிப் புகைக்கும் இதே பதில்தான். பிளாஸ்டிக் பையை மாட்டி மூடுவது மட்டும் கூடாது. பையை எடுக்க மறந்துவிடுவோம், அப்புறம் அந்தக் கருவி இருந்தும் பயனில்லை.

டெஸ்ட் பட்டனுக்குக் கத்துகிறது, நிஜப் புகைக்குக் கத்தவில்லை

இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான், ஏனென்றால் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் பேட்டரியும் ஒலிப்பானும் மின் இணைப்புகளும் சரியாக இருக்கின்றன என்பது தெரியும். புகை அந்த இடத்துக்கு வந்து சேருமா என்பது தெரியாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஃபேன். அது காற்றை நடுவில் கீழே தள்ளுகிறது. அந்தக் காற்று தரையில் பரவி, சுவரை ஒட்டி மேலே ஏறி, சீலிங் வழியாக மறுபடி இறக்கைக்கு வருகிறது. இறக்கைக்குப் பக்கத்தில் காற்று வேகமாக ஓடுவதால் புகை கலைந்து நீர்த்துப்போகும். இறக்கை நுனியிலிருந்து 3 அடி தள்ளி மாட்ட வேண்டும் என்பது விதி. நம் வீட்டு ஃபேன் பெரும்பாலும் 48 அங்குலம், நடுவிலிருந்து நுனி வரை 2 அடி. ஆக ஃபேன் கொக்கியிலிருந்து 5 அடி தள்ள வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இதைப் போட்டுப் பாருங்கள். பத்தடிப் பக்கம் நடுவிலிருந்து சுவர் வரைக்குமே 5 அடிதான், அங்கே சீலிங்கில் இடமே இல்லை. பன்னிரண்டு அடிப் பக்கம் நடுவிலிருந்து சுவருக்கு 6 அடி. அதில் 5 அடி போனால் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி ஓர் இடம் கிடைக்கும். அதுதான் அந்த அறைக்குச் சரியான இடம். சுவரை ஒட்டிக் காற்று மேலே ஏறுகிற வழியிலும் அது இருக்கும். மூலைக்குள் மட்டும் திணிக்காதீர்கள், சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் காற்று நகராமல் தேங்கி நிற்கும்.

அடுத்தது மாடித் தளத்தின் சூடு. கத்திரி வெயில் நாட்களில் மேல்தளத்து அறையில் சீலிங்கைத் தொட்டாலே கை சுடும். தளத்தை ஒட்டிய காற்று சூடேறி ஓர் அடுக்காகத் தங்கிவிடும். மெத்தையோ வயரோ கனன்று வருகிற மெல்லிய புகைக்கு அவ்வளவு சூடு கிடையாது. அந்தச் சூடான அடுக்கைத் தாண்டி ஏற முடியாமல் அதற்குக் கீழேயே பரவி நின்றுவிடும். சீலிங்கில் இருக்கும் அலாரத்துக்கு அது எட்டவே எட்டாது. கரண்ட் போய் ஃபேன் நின்ற ராத்திரியில் இது இன்னும் மோசம். இப்படிப்பட்ட அறைகளில் சீலிங்கை விட்டுவிட்டுச் சுவரில் மாட்டுங்கள். சீலிங்கிலிருந்து 4 அங்குலத்துக்கும் 12 அங்குலத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். வீட்டுக்கு உள்பக்கச் சுவராகப் பாருங்கள், சாயங்கால வெயில் அறைகிற மேற்குச் சுவர் வேண்டாம்.

இதோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கையேட்டில் கருவி வேலை செய்யும் வெப்ப அளவு போட்டிருக்கும். சிலவற்றில் மேல் எல்லை 38 டிகிரி, சிலவற்றில் 45. மே மாதத்தில் மதுரையில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் உண்டு. மேல்தளத்துக்கு வாங்கும்போது 38 என்று போட்டிருப்பதை எடுக்காதீர்கள். தகரம், சிமெண்ட் ஷீட் கூரைக்கு நேர் கீழே எதையுமே மாட்டாதீர்கள்.

மூன்றாவது பீம். ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவே பீம் ஓர் அடி, ஒன்றரை அடி கீழே இறங்கியிருக்கும். ஒரு பக்கம் கிளம்பிய புகை அந்தப் பீமின் அடிமட்டம் வரை நிரம்பிய பிறகுதான் மறுபக்கம் வழியும். அறை உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருக்கும் பீமைச் சுவராகவே நினைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் இரண்டு அறையாகக் கணக்கிடுங்கள்.

ஸ்பிளிட் ஏ.சி.யின் காற்று நேராக அடிக்கிற இடத்திலும் மாட்டாதீர்கள், புகையை ஊதித் தள்ளிவிடும். 3 அடியாவது விலகியிருக்கட்டும்.

மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் முற்றம் இருக்கும். முற்றத்தை ஒட்டி மாட்டினால் புகை வானத்துக்குப் போய்விடும், அலாரத்துக்கு வராது. சுற்றியிருக்கும் அறைகளுக்கு உள்ளே மாட்டுங்கள். மரக்கட்டை வரிசையாக ஓடும் மெட்ராஸ் டெரஸ் சீலிங் என்றால், கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தைத் தவிர்த்துக் கட்டையின் அடிப்பக்கத்தில் மாட்டலாம். சரிந்த ஓட்டுக் கூரைக்கு உச்சியிலிருந்து 3 அடிக்குள், ஆனால் உச்சியை ஒட்டிய 4 அங்குலத்தைத் தவிர்த்து.

துளை போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். இரண்டு மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி, தீ எங்கே பிடிக்க வாய்ப்பு உண்டோ அங்கே, கட்டில் உயரத்திலோ இன்வெர்ட்டர் பக்கத்திலோ, ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் டார்ச் அடித்துப் புகை போகும் வழியைப் பார்க்கட்டும். ஃபேன் ஓடும்போது ஒரு தடவை, நின்றபின் ஒரு தடவை, ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்தி ஒரு தடவை. மூன்றிலும் புகை போய்ச் சேர்கிற இடம் ஒன்று இருக்கும், அங்கே பென்சிலால் குறியுங்கள். ஏணியில் ஏறும் முன் ஃபேன் சுவிட்சை அணைத்துவிட்டு, இறக்கை நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு ஏறுங்கள்.

கீழே கத்துகிறது, மாடியில் தூங்குகிறவருக்குக் கேட்கவில்லை

இந்த அலாரங்களின் சத்தம் 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல். இரண்டு மூடிய கதவைத் தாண்டி, ஏ.சி. ஓடுகிற அறைக்குள் போவதற்குள் அது அடங்கிவிடும். ஒரே ஓர் அலாரத்தை ஹாலில் மாட்டிவிட்டு வீடு முழுக்கப் பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடையில் ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒன்று. இதுதான் முழுக் கணக்கு.

ஒரேயடியாக வாங்க முடியாதவர்கள் படுக்கையறை வாசலுக்கு வெளியே ஒன்றில் தொடங்குங்கள். அடுத்தது தாத்தா, பாட்டி அல்லது சின்னப் பிள்ளைகள் படுக்கிற அறை. மூன்றாவது மாடிப்படி. நம் வீடுகளில் படிக்குக் கீழேதான் இன்வெர்ட்டரும் பேட்டரியும், இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜரும். அங்கே பிடித்தால் புகை ஏறுவது படி வழியாகத்தான், மாடியில் இருப்பவர் இறங்கி வர வேண்டியதும் அதே வழி. அதனால் முதல் மாடியில் படி முடியும் இடத்துச் சீலிங்கில் மாட்டுங்கள். அதற்கும் மேலே மொட்டை மாடிக் கதவுள்ள கூண்டு அறையில் வேண்டாம், அங்கே சூடும் தூசியும் அதிகம்.

ஒன்று அடித்தால் வீட்டில் உள்ள எல்லாமே சேர்ந்து அடிக்கிற, வயர் இல்லாமல் இணைகிற மாதிரி கிடைக்கிறது. மாடி வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். எல்லாமே ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருந்தால்தான் இணையும்.

விடியற்காலையில் நிமிடத்துக்கு ஒரு தடவை சிணுங்குகிறது

“தம்பி, ராத்திரி பூரா பல்லி கத்துற மாதிரியே ஒரு சத்தம்ப்பா. காலையில பார்த்தா ஒண்ணையும் காணோம்” என்று செல்லூரில் ஓர் அக்கா சொன்னார். அந்தப் பல்லி, பேட்டரி தீரப்போகிறது என்று சொல்லும் அலாரம்தான். முப்பது முதல் அறுபது விநாடிக்கு ஒரு தடவை ஒரு சின்ன சிணுங்கல் வரும். குளிர்ந்த நேரத்தில் பேட்டரியின் வோல்டேஜ் குறையும். ஒரு நாளில் வீடு அதிகம் குளிர்ந்திருப்பது விடியற்காலை என்பதால் அப்போது சிணுங்கிவிட்டு, வெயில் ஏறியதும் அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே மாற்றுங்கள். மலிவான சாதா பேட்டரி போடாமல், கருவியின் பின்புறம் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள். போட்ட பிறகு டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பத்து வருடம் வரும் லித்தியம் பேட்டரியை உள்ளேயே மூடி வைத்த மாதிரி என்றால் பேட்டரி மாற்ற வழி இல்லை, முழுக் கருவியையும் மாற்ற வேண்டும்.

புதுப் பேட்டரிக்கும் சிணுங்கினால் பின்புறம் உள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 10 வருடம் ஆகியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

புகையே இல்லை, நடு ராத்திரியில் முழுச் சத்தத்தில் கத்துகிறது

எழுந்து வீடு முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும். ஒன்றும் இல்லை என்று உறுதியானால், இருட்டறைக்குள் ஏதோ நுழைந்திருக்கிறது. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி ஈசலும் சின்னப் பூச்சிகளும் வரும். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் மாட்டிய அலாரத்தில் இந்தத் தொல்லை அதிகம், ஓர் அடியாவது தள்ளுங்கள். தறி ஓடுகிற வீடுகளில் பஞ்சு. அங்கே கருவியின் பக்கவாட்டுத் துவாரங்களில் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தறி இருக்கும் இடத்தில் மாட்டாமல், அடுத்த அறை வாசலில் மாட்டுவது நல்லது.

சுத்தம் செய்ய மெல்லிய பிரஷும் வேக்வம் கிளீனரும் போதும். ஈரத்துணி, பூச்சி மருந்து ஸ்பிரே இரண்டும் கிட்டவே வரக்கூடாது. ஸ்பிரே உள்ளே படிந்தால் கருவியே கெட்டுவிடும்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபின் தொல்லை வந்தது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். சுரண்டிய தூள் உள்ளே போயிருக்கும், அல்லது பெயிண்ட் துவாரத்தை அடைத்திருக்கும். பெயிண்ட் பட்ட கருவியைத் துடைத்துக் காப்பாற்ற முயலாதீர்கள், மாற்றிவிடுங்கள். அடுத்த தடவை வேலை தொடங்கும் முன் கழற்றி வைத்துவிட்டு, முடிந்த அன்றைக்கே மாட்டுங்கள்.

ஒட்டிய கருவி கீழே விழுந்துவிட்டது

இருபக்க டேப் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் பூச்சில் நிற்காது. பூச்சோடு உரிந்து வரும், வெயில் காலத்தில் பசையும் இளகும். துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் வைத்து, ஸ்குரூவால் முடுக்குங்கள். சுவிட்ச் போர்டிலிருந்து ஃபேன் கொக்கிக்குத் தளத்துக்குள்ளேயே வயர் பைப் ஓடும். அந்த நேர்க்கோட்டில் டிரில் வைக்காதீர்கள்.

வாங்கிய நாளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை

திருப்பிப் பாருங்கள். பேட்டரி போட இடம் இல்லை, டெஸ்ட் பட்டனும் இல்லை, வயர் மாட்டும் முனைகள் மட்டும் இருக்கின்றனவா? அது ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் கண்ட்ரோல் பேனலோடு இணைக்கிற வகை. பேனல் இல்லாமல் அதற்குச் சத்தம் போடத் தெரியாது. விலை குறைவாக இருப்பதால் ஆன்லைனில் பலர் இதை வாங்கிவிடுகிறார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு, தனியாகவே இயங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் ஈ.என். 14604 அல்லது யூ.எல். 217 என்ற தர எண் இருந்தால் அது வீட்டுக்கான தனி அலாரம்.

கேஸ் வாசனை வந்தது, கத்தவில்லை

கத்தாது. எரிவாயு புகை அல்ல, அதற்குத் தனிக் கருவி. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் கேஸ் அலாரத்தைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் சிலிண்டர் பக்கத்தில் மாட்டுவார்கள். புகை அலாரத்துக்கு நேர் எதிர் இடம். வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள். தீயே பிடித்துவிட்டது என்றால் 101 அல்லது 112.